வேலை முடிந்தும் களைப்புத் தீர்வதில்லை: உங்கள் அன்றாட வழிகள் எவை?

கொக்குவில்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். யாழ் நகரிலுள்ள ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் பணிபுரிகிறேன். நாள் முழுவதும் கதிரையில் இருந்து, கணினித் திரையைப் பார்த்து, தவணை கட்ட இயலாமல் வருபவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது உடலில் பெரிய அலுப்பு இருப்பதில்லை. ஆனால் வீட்டில் யாராவது ஒரு சிறிய கேள்வி கேட்டாலும் எரிச்சல் வருகிறது. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கைத்தொலைபேசியோடு கட்டிலில் சாய்ந்தால், இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கும்வரை எழும்புவதில்லை. ஓய்வெடுத்ததாகத்தான் கணக்கு, ஆனாலும் எழும்பும்போது முன்னிலும் சோர்வாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்கிப் பார்க்கிறேன், அதுவும் உதவுவதாகத் தெரியவில்லை.

நுவரெலியாவுக்குப் போய் நான்கு நாள் நின்றுவிட்டு வா என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விடுமுறையும் பணமும் வேண்டிய வழிகளை நான் கேட்கவில்லை. ஒரு சாதாரண வேலைநாளில், வீடு வந்து சேர்வதற்கும் தூங்கப் போவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணித்தியாலங்களில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதையும், அது ஏன் பலன் தருகிறது என நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்மண் தோட்டம், உரும்பிராய்

தம்பி, நானும் உங்களைப் போலக் கணக்கோடு மல்லுக்கட்டியவன்தான். ஓய்வுபெறும்வரை ஓர் அரச அலுவலகத்தில் கணக்கு எழுதுவினைஞராக இருந்தேன். மூளையால் வேலை செய்பவனுக்கு வரும் களைப்பு சும்மா படுத்துக் கிடப்பதால் தீராது என்பது என் துணிபு. உடல் படுத்திருக்கும்போதும் மனம் பகலில் விட்ட இடத்திலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்து என்று சொன்னால் நிற்காது. அதற்கு வேறொரு வேலையைக் கொடுக்க வேண்டும், அந்த வேலையும் கையால் செய்வதாக இருக்க வேண்டும்.

அப்பு விட்டுச் சென்ற ஒரு துண்டுத் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னேரத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தை இயக்கிவிட்டு, மண்வெட்டியோடு போய் மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவேன். வாய்க்காலால் வரும் தண்ணீர் ஒரு பாத்தியை நிறைத்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டும். சிந்தனை அலுவலகத்துக்குப் போய்விட்டால் வரம்பு உடைந்து தண்ணீர் பாதைக்குப் போய்விடும். ஆகவே கவனம் வேண்டும், ஆனால் அது மண்டையைக் குடையும் கவனம் அல்ல. தண்ணீர் தன்னுடைய வேகத்தில்தான் வரும், அவசரப்படுத்த முடியாது. வெங்காயமோ மிளகாயோ விலை விழுந்தால் வேறு மனவருத்தம் தொடங்கிவிடும் என்பதால், விற்பதற்காகச் செய்பவர்களுக்கு இந்த ஆறுதல் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எனக்கு அது வருமானம் அல்ல.

முடிந்ததும் கிணற்றடியில் வாளியால் அள்ளி நிதானமாகக் குளிப்பேன். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வெயிற்காலத்திலும் குளிர்ச்சியாகவே இருக்கும். குளித்து உடுப்பு மாற்றிய பின்னர் அலுவலகத்தைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று மனைவியோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. தோட்டத்தைவிட அந்த ஒப்பந்தம்தான் கூடுதலாக உதவியதோ என்றும் சில வேளைகளில் யோசிப்பதுண்டு.

இரவுப்பணித் தாதி

ஐயா சொன்னது நாள் முழுவதும் இருந்து வேலை செய்பவர்களுக்குச் சரி. இரவு முழுவதும் நோயாளர் விடுதியில் நின்றும் நடந்தும் வருகின்ற என்னைப் போன்றவர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் நாங்கள் அழுதுவிடுவோம். எங்களுக்கு வேண்டியது காலை உயர்த்தி வைத்துக்கொண்டு இருட்டறையில் தூங்குவது. எந்தப் பகுதி களைத்திருக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு எதிரானதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவருக்குச் சில விடயங்கள். பின்னேரத் தேத்தண்ணீரிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும், ஆளுக்காள் இது வேறுபடும். தூக்கம் குழம்புகிறது என்றால் அந்தக் கோப்பையை மதியத்துக்குப் பிறகு ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மல்லித் தண்ணீர் இருக்கிறது, மோர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்வரை தூங்குவதும் உதவாது, ஏனெனில் உடலின் உள்மணிக்கூடு பின்தள்ளிப் போவதால் அன்றிரவு தூக்கம் பிந்தி, திங்கட்கிழமை களைப்போடுதான் தொடங்கும். வளர்ந்தவர்களுக்கு ஓர் இரவில் ஏழு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும். அதைக் கிழமை நாட்களிலேயே எடுக்கப் பாருங்கள்.

எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைவது பற்றி: மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, மூக்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் வரும். மூச்சை வெளிவிடும் நேரத்தில், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது, அந்த நேரத்தை நீட்டுவதுதான் இதிலுள்ள சூட்சுமம். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வலிந்து செய்யாமல் விட்டுவிடுங்கள்.

பச்சையைப் பார்ப்பதற்கும் பலன் உண்டு. அமெரிக்காவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கற்சுவர் தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி நிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்று ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சிறிய ஆய்வுதான். என்றாலும் தொலைபேசித் திரைக்குப் பதிலாக முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டிருப்பதில் நட்டமில்லை.

கொக்குவில்வாசி

இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் மண் நிலம் இல்லை, முற்றம் முழுவதும் சீமெந்து. தொலைபேசியை வைத்துவிடலாம் என்றால், எங்கள் முகாமையாளர் இரவு எட்டு மணிக்கும் குழுவில் கேள்வி கேட்பார், பார்க்காமல் விட்டால் காலையில் முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யாரிடமாவது வழி உண்டா?

கோப்பாய் அக்கா

முதலில் உரும்பிராய் ஐயாவிடம் ஒரு கேள்வி: நீங்கள் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரங்களில் குசினியில் நின்றது யார்? குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஓய்வைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் யாருக்கு அந்த நேரம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நான் பாடசாலை ஆசிரியை. வீட்டுக்கு வந்தால் இரவுச் சமையல், பிள்ளைகளின் படிப்பு, மாமியின் மருந்து என்று இரண்டாவது வேலைநாள் தொடங்கிவிடும். எனக்கு மூச்சுப் பயிற்சியைக் காட்டிலும் முதலில் தேவைப்பட்டது ஒரு மணித்தியாலம்; அது தானாகக் கிடைக்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். இப்போது கிழமையில் சில நாட்களில் இடியப்பம் அவிப்பது கணவரின் பொறுப்பு. இடியப்பம் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும், ஒருவரும் இறந்துவிடவில்லை.

அந்த நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கைதடிப் பக்கமாகப் போகும் திறந்த வெளியால் ஓடிவிட்டு வருவேன். யுத்த காலத்தில் பெற்றோலும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல் சைக்கிளையே நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். அப்போது அது கட்டாயம், இப்போது அதுவே எனக்கு விடுதலையாக இருக்கிறது. மாரியில் அந்த வெளியில் தண்ணீர் நின்றால் நாரையும் கொக்கும் வந்து இறங்கியிருக்கும். எதிர்க்காற்றில் மிதிக்கும்போது வேறொன்றையும் யோசிக்க முடியாது, திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். தனியாகப் போக முன்னர் தயக்கமாக இருந்தது, இப்போது அயலிலுள்ள இருவர் சேர்ந்து வருகிறார்கள். கதைத்துக்கொண்டு போவதும் மருந்துதான், ஆனால் பாடசாலைக் கதை கதைப்பதில்லை.

தம்பிக்கு: தொலைபேசியை முன்விறாந்தையில் மின்னேற்றப் போட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை பார்த்து, பதில் சொல்ல வேண்டியவற்றுக்குச் சொல்லிவிட்டு மீண்டும் அங்கேயே வையுங்கள். உண்மையில் அவசரம் என்றால் முகாமையாளர் அழைப்பு எடுப்பார் என்பதை அவரிடமே மரியாதையாகச் சொல்லி வைப்பது நல்லது. எங்கள் அதிபரிடம் நான் அப்படித்தான் சொன்னேன்.

உளவளத்துணையாளர், வடமராட்சி

அக்கா சொன்ன அந்தத் தொலைபேசி ஏற்பாட்டை நானும் வழிமொழிகிறேன். வேலை முடிந்த பின்னர் மனத்தாலும் வேலையை விட்டு விலகுவதே களைப்பிலிருந்து மீள்வதற்கு அடிப்படை என்பதை ஜேர்மனிய உளவியலாளர் சபீன சொனென்டாக் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். கட்டிலில் படுத்தபடி அலுவலகச் செய்தி வருமா என்று காத்திருப்பவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறார். உரும்பிராய் ஐயாவின் ஒப்பந்தமும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

தாதி சகோதரி சொன்ன மூச்சைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். எண்ணிக்கொண்டு மூச்சுவிடுவது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களிடம் நான் தேவாரத்தைப் பண்ணோடு, அவசரமில்லாமல் பாடச் சொல்வதுண்டு. ஓர் அடியை இழுத்துப் பாடி முடிக்கும்வரை மூச்சு மெதுவாக வெளியேறியே ஆக வேண்டும், எண்ண வேண்டிய தேவையே இல்லை. பாடசாலைக் காலை வணக்கத்தில் ஓடிப் பாடியதுபோலப் பாடினால் இந்தப் பலன் கிடைக்காது. கிறிஸ்தவ நண்பர்களுக்குச் செபமாலை, முஸ்லிம் நண்பர்களுக்குத் திக்ர் (இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது), சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு சொல் என்று அவரவருக்கு உரியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு சொல்லை மூச்சோடு திரும்பத் திரும்பச் சொல்வதால் உடல் தளர்வு நிலைக்குப் போவதை ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் விளக்கினார். நம் மண்ணில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மக்களுக்குப் பழக்கமான இத்தகைய மரபு வழிகளைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வழிகளெல்லாம் அன்றாடக் களைப்புக்கே உரியவை. தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமில்லாத துக்கம் ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், தோட்டமும் சைக்கிளும் போதாது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கொக்குவில்வாசி

நீடித்த துக்கம் என்று எதுவும் இல்லை, கேட்டதற்கு நன்றி. நேற்றுத் தொலைபேசியை விறாந்தையில் வைத்துவிட்டுப் பண்ணைக் கடற்கரையில் கோட்டைப் பக்கமாக நடந்தேன். பாதி நேரம் கை சட்டைப் பையைத் தேடிக்கொண்டே இருந்தது. மற்றப் பாதி நன்றாக இருந்தது. ஞாயிறு காலைத் தூக்கத்துக்குப் பதிலாகக் கீரிமலைக் கேணிக்குப் போய்க் குளிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். மனைவியும் வர விரும்புகிறார். வசதி எப்படி?

செம்மண் தோட்டம், உரும்பிராய்

அக்காவின் கேள்விக்கு முதலில் பதில்: குசினியில் நின்றது என் மனைவிதான். இதை வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு அந்த இடியப்பக் கணவரின் விலாசம் கேட்டார்.

கீரிமலைக்குத் தாராளமாகப் போகலாம், தம்பி. ஆண்களின் கேணி கடலோரமாகத் திறந்திருக்கும், பெண்களுக்குச் சுவரால் மறைத்த கேணி வேறாக உண்டு. சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வரும் நன்னீர் என்பதால் கடலுக்குப் பக்கத்திலேயே உப்புக் கரிக்காமல் குளிக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்னர் போய்விடுங்கள், பிந்தினால் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருபவர்களின் கூட்டம் மிக அதிகம் என்பதால் அன்றைய நாளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். படிகளில் பாசி இருக்கும். காலைப் பார்த்து வைத்து இறங்கச் சொல்லுங்கள்.