4.5 கிகாஹெர்ட்ஸில் நிலைக்காத 2500கே

கேள்வி: இன்டெல் ஐ5 2500கே பிராசஸரின் வேகத்தை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன், வோல்டேஜ் 1.28. கேம் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிரைம்95 (பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் நிரல்) போட்டால் 20 நிமிடத்தில் நீலத்திரை, பிழை எண் 124. வெப்பம் 68 டிகிரிதான். எங்கே தப்பு?

பதில்: வெப்பம் காரணமில்லை நண்பரே, இந்தச் சிப்பில் 124 வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றவில்லை. சுமை ஏறும்போது சிபியூ-இசட்டில் (பிராசஸரின் வேகம், வோல்டேஜ் காட்டும் நிரல்) பாருங்கள், 1.28 அப்படியே நிற்கிறதா?

கேட்டவர்: இல்லை, 1.24-க்கு இறங்கிவிடுகிறது!

பதில்: சரி, லோடு லைன் காலிபிரேஷனை (சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) ஒரு படி மட்டும் கூட்டுங்கள், உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும். அப்புறமும் நீலத்திரை வந்தால் வோல்டேஜை 0.01 வீதம் ஏற்றுங்கள், 1.35-ஐத் தாண்ட வேண்டாம்.

இன்னொருவர்: ராமில் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் முதலில் அணைத்துவிட்டுச் சோதியுங்கள், நான் பிராசஸர், ராம் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது காரணம் என்று தெரியாமல் ஒரு வாரம் அலைந்தேன்.