தீவயிற்றுத் தேரையின் வளைவு: சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சிறுவர் அறிவியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வடகிழக்குச் சீனம், கொரியா, ரஷ்யத் தூரக்கிழக்கு ஆகிய இடங்களில் வாழும் தீவயிற்றுத் தேரை 5 செ.மீ. அளவே இருக்கும். முதுகு கருந்திட்டுகளுடன் பச்சை. வயிறு குங்குமச் சிவப்பு. பகை நெருங்கினால் ஓடாமல், முதுகைக் குழித்து, தலையையும் கைகால்களையும் தூக்கி, உள்ளங்கைச் சிவப்பு தெரிய அசையாமல் கிடக்கும். தோலில் நஞ்சுண்டு என்ற அறிவிப்பு அது. இதை 'உன்கென் ரிஃப்ளெக்ஸ்' என்கிறார்கள். உன்கெ என்பது இவ்வினத் தேரைக்கு ஜெர்மானியர் இட்ட பெயர்; ரிஃப்ளெக்ஸ் என்பது எண்ணாமலே உடல் காட்டும் எதிர்வினை. 'தேரை அனிச்சை' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து:

அனிச்சை வடசொல் என்று ஒதுக்க வேண்டாம். முகர்ந்தாலே வாடும் அனிச்சத்திலிருந்து பிறந்தது என்பது என் நெடுநாள் துணிபு. ஆனால் தேரையைவிட, தவளை, தேரையைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'நுணல்' பொருந்தும். நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம். ஜெர்மனிலும் உன்கெயின் கூவல் என்றால் தீக்குறி. ஆகவே 'நுணல் வளைவு'.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, அன் + இச்சை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எங்கள் பாடநூல்களில் ரிஃப்ளெக்ஸைத் 'தெறிவினை' என்றே படிப்பிக்கிறோம். மேலும், வட அமெரிக்காவின் டாரிக்கா என்னும் சாலமாண்டரும் (பல்லி போன்ற உடலுள்ள, தவளைக்கு உறவான உயிரி) இதே போல் வளைந்து வயிற்றைக் காட்டுகிறது. அதை நுணல் என்பீர்களா?

மதுரையிலிருந்து:

ஜெர்மன் பெயரிலும் தேரைதானே இருக்கிறது? அவர்களுக்குத் தடுக்காதது நமக்கு ஏன் தடுக்கிறது?

முதலில் கேட்டவர்:

நேற்று எட்டாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நுணல் எவருக்கும் தெரியவில்லை. தெறிவினை என்றதும், "வில் தெறிக்கிற மாதிரித் துள்ளுமா, சார்?" என்றான் ஒருவன். அசையாமல் கிடப்பதுதான் இதன் சிறப்பே என்பதால் அந்தச் சொல்லையும் விட்டேன். 'எச்சரிக்கை வளைவு' என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். குழுவில் மூவர் சரியென்றனர், ஏனையோர் அலுத்துப்போய் எதிர்க்கவில்லை.

மதுரையிலிருந்து:

எச்சரிக்கை தெலுங்கு வழி வந்த சொல் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நுணலை நான் கைவிடவில்லை.