பாரதியார் நினைவு நாள்: செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

எங்கள் ஊர் நூலக வாசலில் உள்ள ‘வரலாற்றில் இன்று’ கரும்பலகையை எழுதும் பொறுப்பு என்னுடையது. செப்டம்பர் 11-க்கான பட்டியல் பாரதியார் பெயரில் வந்து நின்றுவிட்டது. சிகாகோவில் விவேகானந்தர் உரை (1893), வினோபா பாவே பிறப்பு (1895), ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியின் சத்தியாகிரகத்துக்கு வித்திட்ட கூட்டம் (1906), இமானுவேல் சேகரன் கொலை (1957), நியூயார்க் தாக்குதல் (2001) ஆகியவற்றில் ஐயமில்லை. ஒரே தேதி இவ்வளவையும் தாங்குவது வியப்புதான்.

பாரதியாரோ 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணிக்குத் திருவல்லிக்கேணி வீட்டில் காலமானார். விடியும்வரை முந்தைய நாளாகவே கொள்ளும் நம் வழக்கப்படி அது 11. ஆங்கிலக் கணக்கில் 12. மாநகராட்சியின் இறப்புப் பதிவு 12 என்கிறது. தமிழக அரசு 2021-இல் மகாகவி நாளாக அறிவித்ததோ 11. நாட்காட்டிகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஒப்பிட்டும் முடிவு கிட்டவில்லை. இரு தேதிகளையும் சாய்கோடிட்டு எழுதியபோது, போட்டித்தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் மாணவர்கள் எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று கேட்டு நின்றார்கள். விளக்கம் எழுதப் பலகையில் இடமும் இல்லை.

ஒரே தேதியைத்தான் எழுத முடியும் என்றால், எந்த நாளை, எந்த ஆவணத்தின் அடிப்படையில் எழுதுவது முறையாகும்?