டேலி பிரைம்: 11 நோட்டுக்கே டஜன் விலை விழுகிறது

நோட்டுக்கடை:
பாளையங்கோட்டையில் நோட்டு, பேனா வியாபாரம். பில் போடுவது டேலி பிரைம் என்கிற கணக்கு மென்பொருளில். அதன் எஃப் 11 அமைப்பில் பிரைஸ் லெவலை (ஆளுக்குத் தகுந்த விலை வகை) திறந்து 'சில்லறை', 'மொத்தம்' என்று இரண்டு போட்டேன். 192 பக்க நோட்டு சில்லறையில் 50 ரூபாய். மொத்தத்தில் டஜனுக்குக் கீழே 42, டஜனிலிருந்து 40, குரோஸ் (12 டஜன், 144 நோட்டு) எடுத்தால் 38. இப்போது இரண்டு தொல்லை. மொத்தமாக வாங்குகிற பல பேருக்குப் பில்லின் மேலே பிரைஸ் லெவல் 'நாட் அப்ளிக்கபிள்' என்றே நிற்கிறது, விலையைக் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது. சரியாக வருகிறவர்களுக்கோ 11 நோட்டுக்கே 40 விழுகிறது. நேற்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

கணக்கெழுதுபவன்:
முதலாவது சின்ன விஷயம் அண்ணாச்சி. லெவலை உருவாக்கினால் மட்டும் போதாது, யாருக்கு எது என்று அந்தந்தப் பார்ட்டியின் லெட்ஜரில், அதாவது அவர் பெயரில் உள்ள கணக்கில், சொல்ல வேண்டும். லெட்ஜரைத் திறந்து, பிரைஸ் லெவல் கேட்கும் இடத்தில் 'மொத்தம்' கொடுங்கள். அப்புறம், விலைப்பட்டியலின் முதல் வரியில் 'லெஸ் தேன்' கட்டத்தில் என்ன இருக்கிறது?

நோட்டுக்கடை:
11. பதினொன்று வரைக்கும் 42 தானே?

கணக்கெழுதுபவன்:
அங்கேதான் சறுக்கல். அது 'வரை' இல்லை, 'விடக் குறைவு'. 11 போட்டால் பத்தோடு நின்றுவிடும், அடுத்த வரி 11-இல் தொடங்கிவிடும். 12 போடுங்கள். அடுத்த வரியில் 143 போட்டிருந்தால் அதையும் 144 ஆக்குங்கள். 'அப்ளிக்கபிள் ஃப்ரம்' தேதியையும் ஒருமுறை பாருங்கள், அதற்கு முந்தைய தேதி பில்லுக்கு இந்த விலை வராது. நாளைக்கு விலை ஏறினால் பழையதைத் திருத்தாமல் புதுத் தேதியில் போடுங்கள்.

பேப்பர் ஏஜென்ட்:
நடுவில் நுழைகிறேன். அடுக்கு மாறினால் மொத்த எண்ணிக்கைக்கும் புது விலைதான் விழும். 143 நோட்டு 40 வீதம் 5,720 ரூபாய். 144 நோட்டு 38 வீதம் 5,472. 137 முதல் 143 நோட்டு வரை எடுப்பவர்கள் ஒரு குரோஸின் விலையை விட அதிகம் கொடுக்கிறார்கள். அப்படிக் கேட்டு வருகிறவரிடம் ஒரு குரோஸாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த ஆள் வந்தால் கல்லாவில் சண்டைதான்.

நோட்டுக்கடை:
12 போட்டதும் 11 நோட்டுக்கு 42 வந்துவிட்டது, நன்றி தம்பி. லெட்ஜர் அறுபது இருக்கிறது, பாதி முடித்தேன். குரோஸ் விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 140 நோட்டு, 40 வீதம் பில் போட்டேன். இன்னும் யாரும் கேட்கவில்லை.