மூன்ஷ்ஹவுசன் பிரபு: ஒரு சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பீரங்கிக் குண்டில் ஏறிப் பறந்த புளுகர் மூன்ஷ்ஹவுசனைப் பற்றி எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். ஆள் கற்பனை இல்லை, நிஜம்! 1720ல் ஜெர்மனியின் போடன்வெர்டரில் பிறந்தவர். ரஷ்யக் குதிரைப்படையில் சேர்ந்து 1750ல் 'ரிட்மைஸ்டர்' என்ற குதிரைப்படை அதிகாரி ஆனார். ஊர் திரும்பி, வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கதை அளந்தார். 1785ல் ராஸ்பெ என்ற ஜெர்மன் எழுத்தாளர் அவர் பெயரில் கதைகளை இங்கிலாந்தில் அச்சேற்றிவிட, பாவம், மனிதர் கொதித்துப்போனார்.

என் சிக்கல் அந்த 'ரிட்மைஸ்டர்'தான். 'குதிரைப்படைத் தலைவர்' என்று எழுதினால் மொத்தப் படைக்கும் தலைவர் போலத் தொனிக்கிறது. இவர் கேப்டன் அந்தஸ்து அதிகாரி, அவ்வளவே. பொருத்தமான தமிழ்ச் சொல் உண்டா? அவரே சொன்னது எது, ராஸ்பெ சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டும் கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.