நன்றாகப் பேசினார், உண்மையைச் சொல்லவில்லை: பத்துக்குப் பத்து போடலாமா?

வெள்ளைக்கோடு:
நண்பர்களே, முடிவெடுக்க முடியாமல்தான் கேட்கிறேன். போன வாரம் புது கார் டெலிவரி எடுத்தேன். நான்கு வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் இழுத்தார்கள், அதைக்கூட விட்டுவிடுகிறேன். பொழுது சாய்ந்த பிறகுதான் வண்டியைக் கண்ணில் காட்டினார்கள். ஷோரூம் விளக்கில் பளபளவென்று இருந்தது. சாவி வாங்கி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்தாயிற்று.

மறுநாள் காலை வெயிலில் துடைக்கும்போது பின்பக்க இடது கதவு மட்டும் வேறு சாயலில் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கதவோரத்துக் கறுப்பு ரப்பரில் கடுகு அளவில் பெயிண்ட் துளிகள். நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அந்தப் பக்க டயரில் தயாரிப்பு வாரமும் மற்ற மூன்றிலிருந்து மாறியிருக்கிறது.

விற்ற தம்பிக்குப் போன் செய்தேன். "வெளிச்சத்துல அப்படித் தெரியும் சார், ஒரு வாஷ் போட்டா சரியாயிடும்" என்றார். அதே மூச்சில், "கம்பெனியிலேர்ந்து கால் வரும் சார், எல்லாத்துக்கும் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாலும் எனக்குத்தான் அடி" என்றார். வண்டி வாங்கியவரிடம் திருப்தியா என்று கேட்டுப் பத்துக்கு மார்க் வாங்கும் சர்வேயைச் சொல்கிறார். ஒன்பது வாரமும் அந்தத் தம்பி ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும் பதில் சொன்னார். பத்து போடவும் மனம் வரவில்லை, போடாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

முன்னாள்_சேல்ஸ்:
போடுங்கள் சார். ஆறு வருடம் ஷோரூமில் நின்றவன் சொல்கிறேன். அந்தக் கதவுக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமே இருக்காது. வண்டி தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்து, வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் நின்று, அங்கே ஒருவர் நகர்த்தி, இன்னொருவர் கழுவி, பிறகுதான் ஷோரூமுக்கு வரும். நடுவில் எங்கே இடித்தார்கள், யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள் என்பது அவன் காதுக்கே வந்திருக்காது. டெலிவரிக்கு அரைமணி நேரம் முன்னால்தான் நாங்களே வண்டியை முழுசாகப் பார்ப்போம். ஆனால் மார்க் குறைந்தால் வெட்டு விழுவது அவன் இன்சென்டிவில். பெயிண்ட் அடிக்கச் சொன்ன மேனேஜருக்கு ஒன்றும் ஆகாது.

கயல்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரியாது என்றால் "தெரியாது சார், விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். "ஒரு வாஷ் போட்டா சரியாயிடும்" என்பது தெரியாதவர் பேச்சு இல்லை, பேச்சை அதோடு முடிக்கப் பார்ப்பவர் பேச்சு.

என் கதையும் சொல்கிறேன். நான் கார் வாங்கப் போனபோது துணைக்கு என் தம்பி வந்தான். அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. பணம் என்னுடையது, கேள்வியும் நான்தான் கேட்டேன். பதில் முழுக்க அவனுக்குப் போனது. எஞ்சின் பற்றிக் கேட்டேன், அவனைப் பார்த்துச் சொன்னார்கள். என்னைப் பார்த்துச் சொன்னது வண்டியின் நிறங்களை மட்டும். அங்கேயும் எல்லோரும் அவ்வளவு மரியாதை. கதவைத் திறந்து விட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். சர்வே வந்தபோது பாவம் பார்த்துப் பத்து போட்டேன். ஒரு வருடம் கழித்து என் தோழி அதே இடத்துக்குப் போனாள், அவளுக்கும் அதேதான் நடந்தது. என் பத்தும் அதற்கு ஒரு காரணம் என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

முன்னாள்_சேல்ஸ்:
கயல், உங்களிடம் நடந்துகொண்டது தப்புதான், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் தப்பு செய்தவர் உங்கள் எதிரிலேயே நின்றார். இங்கே அப்படி இல்லை.

பட்டறைக்காரர்:
மார்க் இருக்கட்டும், முதலில் வண்டியைப் பார்ப்போம். இருபது வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை பார்க்கிறேன்.

டயரை வைத்து வழக்காடாதீர்கள் தம்பி. பக்கச்சுவரில் கடைசி நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். தொழிற்சாலைக்கு டயர் பல லாட்டாக வரும். ஒன்றிரண்டு வார வித்தியாசம் சாதாரணம், அதைச் சொன்னால் உங்கள் முழுப் புகாரையும் தள்ளிவிடுவார்கள். ரப்பரில் உள்ள துளிதான் சாட்சி. கதவைக் கழற்றாமல், ரப்பரைச் சரியாக மூடாமல் ஸ்ப்ரே செய்தால்தான் அப்படித் தெறிக்கும். கதவைத் திறந்து உள் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். டேப் ஒட்டிய இடத்தில் மெல்லிய வரம்பு மாதிரி தட்டும்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் பட்டறைகளில் இருக்கும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம் நிற்கும். ஒரு கதவு மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால் மறுபடி அடித்தது. இன்னொன்று, தொழிற்சாலையிலேயே கடைசிச் சோதனையில் கீறல் கண்டுபிடித்து அங்கேயே அடிப்பதும் உண்டு. அது ஷோரூம் செய்த வேலையா என்று மீட்டர் சொல்லாது. ஆனால் எங்கே அடித்திருந்தாலும் வாங்குபவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அந்த ரப்பரைத் துடைத்துவிடாதீர்கள், முதலில் நெருக்கமாகப் படம் எடுங்கள்.

நான்காம்_கியர்:
ஏன் ஒன்பது போட்டால்கூட அடி விழுகிறது என்று யாராவது யோசித்தீர்களா? 2003-இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். "எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்ற ஒரே கேள்வி, 0 முதல் 10 வரை மார்க். 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் எந்தப் பக்கமும் இல்லை. 6-உம் அதற்குக் கீழும் எதிர்ப்பாளர். ஆதரவாளர் சதவீதத்தில் எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் கம்பெனியின் மதிப்பெண். ஏழு என்பது நமக்கு நல்ல மார்க், அந்தக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. அதைக்கூடத் தாண்டி, ஒன்பதையும் தோல்வி என்று தங்கள் ஆட்களிடம் சொல்லும் இடங்கள் வந்துவிட்டன. வாடிக்கையாளர் மனதை அறிய வந்த கேள்வி, வாடிக்கையாளரிடம் கெஞ்சி வாங்கும் மார்க்காகிவிட்டது. கெஞ்சி வாங்கிய பத்தை வைத்து எந்தக் கம்பெனியும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் சொல்கிறேன், பொய் மார்க் போடாதீர்கள்.

முன்னாள்_சேல்ஸ்:
முறை கெட்டுப்போய்விட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். கெட்டுப்போன முறைக்குள் உண்மையைப் போட்டால் மட்டும் எங்கே போய்ச் சேரும்? மாதக் கடைசியில் ஒரு வண்டி டார்கெட்டுக்குக் குறைந்து, ஒரு சர்வே ஆறு வந்து, இரண்டுமாகச் சேர்ந்து வீட்டு வாடகை கட்ட முடியாமல் நின்ற மாதம் எனக்கு உண்டு. அந்த ஆறைப் போட்டவருக்குக் கோபம் என் மேல் இல்லை, நம்பர் பிளேட் தாமதமானதில். அவர் போன் செய்து திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புகார் சொல்ல வேறு வழி இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், மேனேஜரைப் பாருங்கள், தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்தப் பையன் தலையில் வைக்காதீர்கள்.

கயல்:
எழுதினால் என்ன சொல்வார்கள் தெரியுமா? ஷோரூம் தனி முதலாளியின் தொழில், தயாரிப்பு நிறுவனம் வேறு. "உங்கள் டீலரிடம் பேசுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வரும். டீலரைத் தாண்டித் தயாரிப்பாளர் நேராகப் பார்க்கும் ஒரே காகிதம் அந்த சர்வே. அதிலும் பத்து போட்டுவிட்டுப் பிறகு கதவு சரியில்லை என்று போய் நின்றால், "நீங்களே முழு திருப்தி என்று சொல்லியிருக்கிறீர்களே" என்று நம் மார்க்கையே நம்மிடம் காட்டுவார்கள்.

முன்னாள்_சேல்ஸ்:
அது நடக்கும். நான் வேலை பார்த்த இடத்திலேயே நடந்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

வெள்ளைக்கோடு (நான்கு நாள் கழித்து):
பட்டறைக்காரர் அண்ணா, மிக்க நன்றி. மீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்று கதவிலும் 110-இலிருந்து 125-க்குள். அந்தக் கதவில் 270-க்கு மேல். உள் விளிம்பில் நீங்கள் சொன்ன வரம்பு விரலில் தட்டியது. படங்களோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன். டயரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மேனேஜர் முதலில் "வாய்ப்பே இல்லை" என்றார். மீட்டர் படத்தைக் காட்டியதும் "யார்டில் விசாரிக்கிறோம்" என்றார்.

நேற்று சர்வே கால் வந்தது. விற்பனையாளர் நடத்தை எப்படி என்ற கேள்விக்குப் பத்து கொடுத்தேன். வண்டி ஒப்படைத்த நிலைக்கு இரண்டு. பரிந்துரைப்பீர்களா என்றதற்கு மூன்று. ஏன் என்று கேட்டார்கள், கதவு விஷயத்தை முழுசாகச் சொன்னேன்.

முன்னாள்_சேல்ஸ்:
நியாயமாகத்தான் செய்திருக்கிறீர்கள் சார். ஆனால் அந்த மூன்று யார் பேரில் ஏறும் என்று கேட்டீர்களா?

வெள்ளைக்கோடு:
கேட்டேன். இன்று காலை அந்தத் தம்பியே போன் செய்தார். கோபப்படவில்லை. இந்த மாத இன்சென்டிவ் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். கதவில் பெயிண்ட் அடித்தது தனக்கு டெலிவரி அன்று மதியம் தெரியும், சொல்லக்கூடாது என்று மேலிருந்து சொன்னார்கள் என்றும் சொன்னார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கயல்:
அவர் சொன்னதைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதப் போகிறீர்களா?

வெள்ளைக்கோடு:
அவர் சொன்னதாக எழுத மாட்டேன், வேலை போய்விடும். கதவையும் மைக்ரான் அளவையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். விற்பனையாளர் மேல் எனக்குப் புகார் இல்லை, இதற்காக அவருடைய வருமானத்தில் கை வைக்கக்கூடாது என்று தனிப் பத்தியாகவே சேர்க்கிறேன்.

முன்னாள்_சேல்ஸ்:
அந்தப் பத்தியை முதலில் வையுங்கள் சார். இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.