புதுப்பிப்பு: பெண் குழந்தைக்குச் சங்ககாலப் பெயர்

பெண் குழந்தைக்கு வைக்க ஆதிமந்தி, நக்கண்ணை, நன்முல்லை என்று சங்கப் பெண்பாற் புலவர் மூவரின் பெயர்களை முன்பு சொல்லியிருந்தேன். அவற்றில் ஆதிமந்தியை நீக்கிவிடுகிறேன். குறுந்தொகை 31-ஆம் பாடலைப் பாடியவர் பெயர்; விட மனமில்லை. ஆனால் 'மந்தி' என்றால் பெண் குரங்கு, பள்ளியில் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.

நக்கண்ணையை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்: கடைசி ஐகாரம் தேய்ந்து 'நக்கண்ணா' என்று ஆண்பெயர்போல் கேட்கும். ஆகவே என் தேர்வு நன்முல்லை. அள்ளூர் நன்முல்லையாரும் குறுந்தொகைப் புலவர்தான். வீட்டில் 'முல்லை' என்று சுருக்கலாம். ழகரம் இல்லாததால் ஆங்கிலத்தில் எழுதுவதும் எளிது. 'எல்' ஒன்றா இரண்டா என்று மட்டும் முதலிலேயே முடிவுசெய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் அதையே கொடுங்கள்.

அவசரம் வேண்டாம். பெயரில்லாமலே 21 நாளுக்குள் பிறப்பைப் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.